நட்சத்திரம் இல்லாத கேள்விகள்

1893 பிப்ரவரி 16. கல்கத்தாவில் வைஸ்ராயின் சட்டசபை கூடியிருந்தது. அவத் பகுதியைச் சேர்ந்த பிங்கா சமஸ்தானத்து ராஜா அன்று ஒரு கேள்வியை முன்வைத்தார். அரசாங்க அதிகாரிகள் ஊர் ஊராகச் சுற்றுப்பயணம் போய் முகாம் அடிக்கும்போது, அந்த முகாம்களுக்குப் பண்டங்கள் கொடுத்தே கிராமத்துக் கடைக்காரர்கள் நொடித்துப்போகிறார்களே, இது அரசாங்கத்துக்குத் தெரியுமா என்பதுதான் அது. இந்தியச் சட்டமன்ற வரலாற்றில், கேள்வி கேட்கும் உரிமை சட்டப்படி வந்த பிறகு பதிவான முதல் கேள்வி இதுதான்.

பேரரசின் எல்லையைப் பற்றியோ, படைச் செலவைப் பற்றியோ அந்த முதல் கேள்வி எழவில்லை. கலெக்டர் கேம்ப் வந்தால் கடையைக் காலி செய்துகொண்டு போய்விடுவார்களே என்று பயந்துகிடந்த ஒரு சின்ன வியாபாரியைப் பற்றி எழுந்தது. கேட்டவர் ராஜா. கேட்கப்பட்டது கடைக்காரருக்காக. கடைக்காரரால் வைஸ்ராய் முன்னால் போய் நிற்க முடியாது. அவருடைய கஷ்டம் மட்டும் போய் நின்றது.

டெல்லியில் மத்திய அரசு அமைச்சகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அதில் பெரும்பகுதி பார்லிமெண்ட் செக்‌ஷனில். எம்.பி.க்கள் அனுப்பும் கேள்விகளை வாங்கி, உரிய பிரிவுக்கு அனுப்பி, பதிலைத் துரத்திப் பிடித்து, அமைச்சரின் கையெழுத்தோடு நாடாளுமன்றத்தில் சேர்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. டி.வி.யில் வருகிற கேள்வி நேரத்தை எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஆனால், வாயால் பதில் சொல்லாமல் தாளில் மட்டும் பதில் வைக்கப்படுகிற கேள்விகள்தான் எண்ணிக்கையில் மிக அதிகம். இந்திய ஜனநாயகம் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்த மிகப் பெரிய ஆவணம் அந்தத் தாள்கள்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதன் வரலாற்றை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இங்கிலாந்தில் அமைச்சரைக் கேள்வி கேட்கும் பழக்கம் 1721-இலேயே பதிவாகியிருக்கிறது. தென்கடல் கம்பெனி மோசடியில் மக்கள் பணம் முழுகிப்போன சமயம். கம்பெனியின் காசாளர் ராபர்ட் நைட் நாட்டைவிட்டு ஓடிவிட்டார் என்பது உண்மையா என்று பிரபுக்கள் சபையில் கவுப்பர் பிரபு கேட்டார். அங்கேயும் முதல் கேள்வி, பறிபோன பணத்தைப் பற்றித்தான்.

நம் நாட்டில் இந்த உரிமை லேசில் வந்துவிடவில்லை. 1853-இன் சட்டப்படி அமைந்த சின்னஞ்சிறு சட்டசபை, அதிகாரிகளும் நீதிபதிகளுமே உட்கார்ந்திருந்த சபைதான் என்றாலும், அரசாங்கத்தைக் கேள்வி கேட்கத் துணிந்தது. திப்பு சுல்தானின் வாரிசுகளுக்குக் கொடுக்கப்பட்ட மானியம் சம்பந்தமான கடிதப் போக்குவரத்தைக் காட்டு என்றுகூடக் கேட்டுவிட்டது. லண்டனுக்கு அது பிடிக்கவில்லை. 1861-இல் வந்த புதிய சட்டம், சபையின் வேலை சட்டம் இயற்றுவது மட்டுமே என்று கதவைச் சாத்தியது. அதன் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல், நிர்வாகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க வழியில்லை. அந்த முப்பது ஆண்டுகளுக்குள்தான் 1876–78 தாது வருஷப் பஞ்சமும் வருகிறது. சென்னை மாகாணத்தில் மக்கள் கொத்துக்கொத்தாகச் செத்த அந்தப் பஞ்சத்தில், தானியம் எங்கே போகிறது, கஞ்சித்தொட்டி எத்தனை, இறந்தவர்கள் எத்தனை பேர் என்று சபையில் எழுந்து கேட்க ஒரே ஓர் ஆளுக்கும் உரிமை இல்லை. கேள்வி இல்லாத ஆட்சி எப்படியிருக்கும் என்பதற்கு நம் மண்ணிலேயே இருக்கிற சாட்சி அது.

1885 டிசம்பரில் பம்பாயில் காங்கிரஸ் முதல் தடவையாகக் கூடியபோது 72 பேர் வந்திருந்தார்கள். முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் நம் சென்னையிலிருந்து போன ஜி.சுப்பிரமணிய ஐயர். அந்த மாநாட்டின் கோரிக்கைகளில் ஒன்று, சட்டசபைகளை விரிவாக்கி, நிர்வாகத்தைக் கேள்வி கேட்கும் உரிமையை உறுப்பினர்களுக்குத் தர வேண்டும் என்பது. சுயராஜ்யம் என்ற பேச்சு எழுவதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்பே, முதலில் கேட்டது கேள்வி கேட்கும் உரிமையைத்தான்.

1892 சட்டம் அந்த உரிமையைக் கொடுத்தது. கொடுத்த விதம்தான் கஞ்சத்தனமானது. ஆறு நாள் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும். தலைவர் விரும்பினால் காரணம் சொல்லாமலேயே நிராகரிக்கலாம். பதில் கிடைத்த பிறகு அதன்மேல் விவாதம் கூடாது, மறுகேள்வியும் கூடாது. சொன்னதைக் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான். 1909-இல் மிண்டோ–மார்லி சீர்திருத்தம் வந்தபோது, கேள்வியைக் கேட்டவர் மட்டும் ஒரு துணைக் கேள்வி போடலாம் என்று கொஞ்சம் தளர்த்தினார்கள். 1919 சீர்திருத்தத்துக்குப் பிறகுதான் எந்த உறுப்பினரும் துணைக் கேள்வி கேட்கலாம் என்றானது. 1921-இல் புதிய மத்திய சட்டசபை கூடியபோது நாளின் முதல் மணி நேரம் கேள்விகளுக்கென்று ஒதுக்கப்பட்டது. முப்பது ஆண்டுக்கு மேலான போராட்டத்தில் ஒரு மணி நேரம் கிடைத்தது.

அந்த ஒரு மணி நேரத்தை முழுசாகப் பயன்படுத்தியவர்களில் முதல் வரிசையில் வைக்க வேண்டியவர் திருமயத்தில் பிறந்த எஸ்.சத்தியமூர்த்தி. 1930-களின் நடுவில் மத்திய சட்டசபைக்குப் போனவர், துணைக் கேள்விகளால் வெள்ளைக்கார அதிகாரிகளை மடக்கியதற்காகவே பெயர் வாங்கினார். கேள்வி நேரம் என்றாலே அவர்களுக்கு நடுக்கம் எடுக்கும் என்று சொல்வார்கள். சென்னைச் சட்டசபையில் இதைவிடக் கனமான வேலை நடந்தது. எம்.சி.ராஜா, இரட்டைமலை சீனிவாசன், ஆர்.வீரையன் போன்ற ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகள், நியமன உறுப்பினர்களாக உள்ளே நுழைந்து, சாலையையும் கிணற்றையும் பள்ளிக்கூடத்தையும் பற்றிக் கேள்விகளாகவும் தீர்மானங்களாகவும் கொண்டுவந்தார்கள். பொதுத் தெரு, பொதுக் கிணறு, அரசு அலுவலகம் எதிலும் எந்தச் சாதிக்காரரையும் தடுக்கக் கூடாது என்று 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. ஊரில் வாய் திறந்தால் அடி விழும் காலம். அந்த ஊரின் கொடுமையை அச்சடித்த அரசாங்கப் பதிவேட்டில் ஏற்ற அவர்கள் கண்டுபிடித்த வழி சட்டசபை.

சுதந்திர இந்தியாவின் நாடாளுமன்றம் இந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டு விரிவாக்கியது. வாய்மொழியாகப் பதில் வேண்டும் என்றால் உறுப்பினர் தன் கேள்விக்கு ஒரு நட்சத்திரக் குறி போட வேண்டும். நட்சத்திரம் இல்லாவிட்டால் எழுத்துப்பூர்வமான பதில் மட்டும். மக்களவையில் ஒரு நாளுக்கு நட்சத்திரக் கேள்விகள் 20, நட்சத்திரமில்லாதவை 230. மாநிலங்களவையில் 15, 160. நட்சத்திரக் கேள்விகளின் பட்டியல் பச்சைத் தாளில் அச்சாகும். மற்றவை வெள்ளைத் தாளில். அந்த 20 நட்சத்திரக் கேள்விகளில் ஐந்தாறுக்கு மேல் அவையில் எடுக்க நேரம் இருக்காது. மீதியும் எழுத்துப்பூர்வப் பதிலாகவே முடியும். ஆக, பச்சைத் தாளுக்குத்தான் காமிரா. வேலையெல்லாம் வெள்ளைத் தாளில்.

ஒரு கேள்வி எங்கள் மேசைக்கு வந்து சேரும் விதத்தைச் சொல்கிறேன். மக்களவை விதிப்படி கேள்வி 150 சொல்லுக்கு மேல் போகக் கூடாது. அதில் வாதம் கூடாது, அனுமானம் கூடாது, கிண்டல் கூடாது, யார் மேலும் பழி போடக் கூடாது, அபிப்பிராயம் கேட்கக் கூடாது. அதனால் எல்லாக் கேள்விகளும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். ‘(அ) இன்னது நடந்திருப்பது அரசுக்குத் தெரியுமா, (ஆ) தெரியுமெனில், மாநிலவாரியான விவரம் என்ன, (இ) அது குறித்து எடுத்த நடவடிக்கை என்ன, (ஈ) இல்லையெனில், அதற்கான காரணங்கள் என்ன?’ பார்க்க உப்புச்சப்பில்லாமல்தான் இருக்கும். பல வருஷம் அதைக் கையாண்ட பிறகு சொல்கிறேன்: இந்த நான்கு படியில் தப்பிக்க இடமே கிடையாது. ‘தெரியும்’ என்றால் விவரம் தர வேண்டும். ‘தெரியாது’ என்றால் ஏன் தெரியவில்லை என்பதே கேள்வியாகிவிடும்.

இன்றைய விதிப்படி, கேட்கும் நாளுக்கு முழுசாக 15 நாள் முன்பே நோட்டீஸ் கொடுத்துவிட வேண்டும். அமைச்சகங்களை ஐந்து குழுக்களாகப் பிரித்து வாரத்தில் ஆளுக்கொரு நாள் ஒதுக்கியிருப்பார்கள். எங்கள் நாளுக்கு முந்தைய இரவு, அலுவலகத்தில் எந்த அறையிலும் விளக்கு அணையாது. செக்‌ஷன் ஆபீசர் நகல் எழுத, அண்டர் செகரட்டரி திருத்த, ஜாயிண்ட் செகரட்டரி அதை மறுபடி திருத்த, செகரட்டரி வழியாக அமைச்சர் வீட்டுக்கு ஃபைல் போகும். எங்கள் காலத்தில் ஸ்டென்சில் வெட்டி சைக்ளோஸ்டைல் மிஷினில் ஓட்டுவோம். இந்தி மொழிபெயர்ப்பு வந்து சேர்ந்த பிறகுதான் கட்டு முழுமையாகும். ஒரு புள்ளிவிவர அட்டவணையில் கூட்டுத்தொகை இடித்தால் மொத்தத்தையும் திரும்ப ஓட்ட வேண்டும். கையெல்லாம் மசி, கட்டுக்கட்டாகத் தாள், பிளாஸ்கில் டீ. விடிகிற நேரத்தில் ஊழியர் ஒருவர் அந்தக் கட்டுகளோடு நாடாளுமன்றத்துக்குக் கிளம்புவார்.

அந்த இரவுகளில் ஒரு வார்த்தையைப் பற்றி மணிக்கணக்காகப் பேசியிருக்கிறோம். நாடாளுமன்றத்தில் தெரிந்தே தப்பான தகவல் தருவது அவையின் உரிமையை மீறுவதாகும் என்பதால், எவ்வளவு பெரிய அதிகாரியானாலும் அங்கே வைக்கும் தாளில் பொய் எழுத அஞ்சுவார். பத்திரிகைக்குச் சொல்லலாம், மேடையில் பேசலாம், நாளைக்கு மறுத்துவிடலாம். அமைச்சர் பெயரில் அவையில் வைக்கப்பட்ட பதில் அப்படியில்லை. கைநாட்டு வைத்த கடன் பத்திரம் மாதிரி, அது என்றைக்கும் எடுத்துக் காட்டக் கூடியது.

தண்ணீர் சம்பந்தப்பட்ட ஒரு துறையில் நான் இருந்த காலத்தில், வறட்சி மாவட்டம் ஒன்றின் உறுப்பினர் ஒரு நட்சத்திரமில்லாத கேள்வி அனுப்பியிருந்தார். இதுவரை அரசு போட்ட அடிபம்புகள் எத்தனை, அவற்றில் இன்றைக்குத் தண்ணீர் வருபவை எத்தனை. முதல் பகுதிக்கு எங்களிடம் பதில் தயாராக இருந்தது. மாநிலம், மாவட்டம், வருஷம் என்று வகைபிரித்து வைத்திருந்தோம். இரண்டாவது பகுதிக்கு ஒரு எண்கூட இல்லை. போட்டதற்குத்தான் கணக்கு, ஓடுவதற்குக் கணக்கு எவரும் கேட்டதில்லை. மாநிலங்களுக்கு டெலெக்ஸ் அடித்தோம். சில மாநிலங்கள் எல்லாம் நன்றாக ஓடுகின்றன என்று ஒரே வரியில் எழுதின. ஒரு மாநிலத்திலிருந்து மட்டும், ஒன்றியம் ஒன்றியமாகக் கையால் கோடு போட்டு எழுதிய தாள்கள் வந்தன. வாஷர் தேய்ந்தது, குழாய் துருப்பிடித்தது, நீர்மட்டம் இறங்கியது என்று காரணத்தோடு எழுதியிருந்தார்கள். நான் ராமநாதபுரம் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவள். தெருவில் அடிபம்பு நின்றுபோனால் எந்த வீட்டுப் பெண்பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டுக் குடத்தைத் தூக்குவாள் என்று எனக்குத் தெரியும். அந்தத் தாள்களை ஒவ்வொன்றாகக் கூட்டினேன். அதற்கு அடுத்த வருஷம் மாநிலங்களுக்குப் போன படிவத்தில் ‘பழுதானவை’ என்று புதிதாக ஒரு பத்தி சேர்ந்திருந்தது. நிர்வாகம் தான் பார்க்க விரும்புவதையே எண்ணும். அது பார்க்க மறந்ததை எண்ண வைப்பது வெளியிலிருந்து வரும் கேள்வி. பத்திரிகையில் ஒரு வரிகூட வராத அந்தக் கேள்வி செய்த வேலை அது.

எங்களுக்குப் பழக்கமான இன்னொரு வாக்கியம்: ‘தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையின் முன் வைக்கப்படும்.’ இதை எழுதிவிட்டால் அன்றைக்குத் தப்பித்தோம் என்று சிலர் நினைப்பார்கள். அப்படி நினைப்பவர்கள் பிடிபடத்தான் 1953 டிசம்பரில் மக்களவையில் அரசு உறுதிமொழிக் குழு அமைக்கப்பட்டது. ‘பரிசீலனையில் உள்ளது’, ‘ஆவன செய்யப்படும்’, ‘விவரம் பின்னர் தரப்படும்’ போன்ற சொற்றொடர்களுக்கு ஒரு பட்டியலே இருக்கிறது. அவற்றில் எதை அமைச்சர் சொன்னாலும் அது உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். முடியாவிட்டால் குழுவிடம் அவகாசம் கேட்க வேண்டும். மாநிலங்களவையிலும் 1972-இல் இப்படி ஒரு குழு வந்தது. ஆட்சி மாறியும், அமைச்சர் மாறியும், பழைய உறுதிமொழிக்குப் புதியவர் பதில் சொல்லும் ஃபைல்களை நானே தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

மதிப்புள்ள எதற்கும் திருட்டுப் பயம் உண்டு. 1951-இல், தற்காலிக நாடாளுமன்றத்தில் பம்பாய் உறுப்பினர் எச்.ஜி.முட்கல், தங்கம் வெள்ளி வியாபாரிகள் சங்கத்திடம் பணம் வாங்கிக்கொண்டு அவர்களுக்காகக் கேள்வி கேட்டார் என்று புகார் எழுந்தது. அவர் நேருவின் சொந்தக் கட்சிக்காரர். விசாரணைக்கு முன்முயற்சி எடுத்தவரே நேருதான். விசாரணைக் குழுவின் தலைவர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி. முட்கல் வெளியேற்றப்பட வேண்டியவர் என்று அவை முடிவெடுத்தது. ராஜினாமா செய்து அதிலிருந்து தப்பப் பார்த்ததையும் அவை கண்டித்தது. 2005-இல் மறைகாமிராவில் அதே குற்றம் பிடிபட்டபோது, டிசம்பர் 23 அன்று பல கட்சிகளைச் சேர்ந்த 11 உறுப்பினர்கள் ஒரே நாளில் வெளியேற்றப்பட்டார்கள். ஒரு கேள்வியை விற்பது ஓட்டுப் போட்ட லட்சம் பேரின் வாயை விற்பது என்று இரண்டு தடவையும் நாடாளுமன்றம் சரியாகவே புரிந்துகொண்டது.

முட்கல் விவகாரத்தில் நீதி சொன்ன டி.டி.கே. நிதியமைச்சராக இருந்தபோது, ஒரு கேள்வி அவரையே தேடி வந்தது. நாட்டுடைமையாகி ஒரு வருஷம்கூட ஆகாத எல்.ஐ.சி., 1957 ஜூனில் கல்கத்தாத் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிகளில் ஏறக்குறைய 1.24 கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கியிருந்தது. செப்டம்பரில் ராம் சுபக் சிங் இதைப் பற்றிக் கேள்வி கேட்டார். கிடைத்த பதில் மழுப்பலாக இருந்தது. மழுப்பலானாலும் பதிவாகிவிட்டது, அதை வைத்துக்கொண்டு நவம்பரில் அடுத்த கேள்வி, துணைக் கேள்விகள். டிசம்பரில் பிரதமரின் மருமகனான ஃபெரோஸ் காந்தி, ஆளுங்கட்சி வரிசையிலிருந்தே எழுந்து, பதில்களையும் பங்கு விலைகளையும் வரிசையாக அடுக்கிப் பேசினார். நீதிபதி எம்.சி.சாக்ளா பம்பாயில் பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்தார். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார். பாலிசிதாரர்களின் பணத்துக்கு நாடாளுமன்றம் காவல் நின்ற பெருமைக்குரிய நாள்கள் அவை. வரிசையைக் கவனியுங்கள்: முதலில் ஒரு பதில், பிறகு அந்தப் பதிலின்மேல் ஒரு கேள்வி. தாளில் ஏறாத சொல்லின்மேல் யாராலும் ஏறி நிற்க முடியாது.

கேள்வி நேரம் நின்றுபோன காலங்களும் உண்டு. 1962-இல் சீனப் போரின்போது, எல்லாக் கட்சிகளும் ஒத்துக்கொண்டு கேள்வி நேரத்தை நிறுத்தி வைத்தன. 1975 ஜூலையில் நடந்தது வேறு. நெருக்கடி நிலை அறிவித்த சில வாரங்களில் கூடிய மக்களவையில், அரசு அலுவல்கள் மட்டுமே நடக்கும், கேள்விகள் கிடையாது என்று தீர்மானம் போட்டார்கள். எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் அப்போது சிறையில். பத்திரிகைகளுக்குத் தணிக்கை. சிறையில் எத்தனை பேர், எந்தச் சட்டத்தில் என்று கேட்டு ஒரு வெள்ளைத் தாள்கூட எந்த அமைச்சகத்துக்கும் போகவில்லை. கேள்வி கேட்கப்படாத காலத்தில் ஆட்சி என்னென்ன செய்தது என்று பின்னால் அதை விசாரித்த ஷா கமிஷன் எழுதி வைத்தது.

2020 செப்டம்பரில் கொரோனா காலக் கூட்டத்தொடரிலும் கேள்வி நேரம் ரத்தானது. எதிர்ப்புக்குப் பிறகு எழுத்துப்பூர்வப் பதில்கள் மட்டும் தொடரும் என்றார்கள். எல்லா வாசலும் அடைத்தபோது நட்சத்திரமில்லாத கேள்விதான் திறந்திருந்தது. ஊரடங்கில் நடந்தே ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று உறுப்பினர்கள் கேட்டார்கள். அப்படிப்பட்ட தரவு எதுவும் பராமரிக்கப்படவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் செப்டம்பர் 14 அன்று எழுத்தில் சொன்னது. அதனால் இழப்பீடு பற்றிய கேள்வியும் எழவில்லை என்றது. நாடே கொந்தளித்தது. அதே கூட்டத்தொடரில், தொழிலாளர் சிறப்பு ரயில்களில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வி ரயில்வே அமைச்சகத்துக்குப் போனது. செப்டம்பர் 9 வரை 97 பேர் என்று பதில் வந்தது. ‘தரவு இல்லை’ என்று ஒரு கதவு சாத்தினாலும், சரியான அமைச்சகத்திடம் சரியான சொல்லில் கேட்டால் இன்னொரு கதவு திறக்கும். அந்த 97 பேரும் எண்ணிக்கையாகவாவது தேசத்தின் ஏட்டில் இருக்கிறார்கள் என்றால், யாரோ ஓர் உறுப்பினர் யோசித்து ஒரு கேள்வி எழுதியதுதான் காரணம்.

இதே பாடத்தை 2021-இல் இன்னும் கசப்பாகப் பார்த்தோம். கையால் மலம் அள்ளும் தொழிலால் இறந்தவர்கள் எத்தனை பேர் என்று மாநிலங்களவையில் கேட்டபோது, அப்படி எந்த இறப்பும் பதிவாகவில்லை என்று பதில் வந்தது. கழிவுநீர்த் தொட்டியையும் சாக்கடையையும் சுத்தம் செய்கையில் இறந்தவர்கள் என்று கேட்டபோது, 941 பேர் என்று வந்தது. தமிழ்நாடு அந்தப் பட்டியலில் முதலிடம். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டம் இரண்டையும் வெவ்வேறாக வரையறுக்கிறது. அந்த வரையறையின் இடுக்கில் 941 பேரின் சாவு மறைந்துகிடந்தது. விஷவாயுவில் மூச்சுமுட்டிச் செத்தவருக்கும் அவர் மனைவிக்கும் சட்டத்தின் வரையறை தெரியாது. கேள்வி எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கேள்வி எழுதுவது ஒரு படிப்பு என்று நான் சொல்வது இதனால்தான்.

2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் என் மனசுக்கு மிகவும் பிடித்த ஓர் ஏற்பாடு இருந்தது. நாடாளுமன்றத்துக்கோ மாநிலச் சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்தக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்பது அது. 1893-இல் கடைக்காரருக்காக ஒரு ராஜா கேட்க வேண்டியிருந்தது. 2005-இல், அவையில் ராஜாவுக்குக் கிடைக்கும் பதிலை அந்தக் கடைக்காரரே பத்து ரூபாய்க் கட்டணத்தில் எழுதி வாங்கலாம் என்றானது. நூற்றுப் பன்னிரண்டு ஆண்டுப் பயணத்தின் உச்சி என்று அதைச் சொல்வேன். 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அந்த வாசகம் இருந்த பிரிவையே மாற்றி எழுதி, அதை நீக்கிவிட்டது. அந்தரங்கத்தைக் காப்பது அவசியம்தான். அதற்காக, உறுப்பினருக்கும் குடிமகனுக்கும் ஒரே அளவுகோல் என்ற கொள்கையைக் கைவிட்டிருக்க வேண்டியதில்லை. இது பெரிய இழப்பு. போராடி மீட்க வேண்டிய இழப்பு.

1994 டிசம்பரில் கேள்வி நேரம் நேரடியாக ஒளிபரப்பாகத் தொடங்கிய பிறகு, கவனமெல்லாம் பேச்சின் பக்கம் போய்விட்டது. யார் கத்தினார், யார் மேசையைத் தட்டினார் என்பது செய்தியானது. எங்கள் காலத்தில் பதில் கட்டுகளைப் பிரித்து மேய்கிற நிருபர்கள் இருந்தார்கள். ஓர் அட்டவணையின் கடைசிப் பத்தியிலிருந்து முதல் பக்கச் செய்தி எடுப்பார்கள். அந்த வித்தை அருகிவருகிறது. தாள்கள் மட்டும் முன்னைவிடக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. இரு அவைகளின் இணையதளங்களிலும் உறுப்பினர் பெயரைப் போட்டால் அவர் கேட்ட கேள்விகளும் வந்த பதில்களும் வரிசையாக வருகின்றன.

ஓட்டுக் கேட்டு வரும் எம்.பி.யிடம் ரோடு கேட்கிறோம், வேலை கேட்கிறோம். இனி இதையும் கேளுங்கள்: நீங்கள் எழுதிய கேள்விகள் எவை, அவற்றுக்கு வந்த பதில்கள் எவை, உறுதிமொழியாக நின்றுபோனவை எத்தனை? உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டர் பணியிடம் எத்தனை காலி, உங்கள் ஏரிக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு செலவானது என்று நீங்களே (அ), (ஆ), (இ) போட்டு எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். மத்திய அரசு சம்பந்தப்பட்டதா, மாநில அரசு சம்பந்தப்பட்டதா என்று பார்த்து எம்.பி.யிடமோ எம்.எல்.ஏ.விடமோ கொடுங்கள். 150 சொல்லுக்குள் இருக்கட்டும். கோபத்தை எடுத்துவிட்டு, ஊர்ப் பெயரையும் ஆண்டையும் தொகையையும் வையுங்கள். நல்ல உறுப்பினர்கள் அதை வாங்கிக்கொள்வார்கள். வாங்க மறுப்பவர் யார் என்பதையும் தொகுதி தெரிந்துகொள்ளும். கேட்கப்பட்ட கேள்விக்கு ஓர் அமைச்சகம் இரவு முழுக்க விழித்திருந்து பதில் தேடியே ஆக வேண்டும். கேட்கப்படாத கேள்விக்காக எந்த அலுவலகத்திலும் ஒரு விளக்கும் எரியாது. அந்த விளக்கை எரிய வைக்கும் உரிமை நமக்குக் கிடைக்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதைப் பயன்படுத்துவதுதான் அதைக் காப்பாற்றும் ஒரே வழி.